ஸ்பானிய எதிர்கால வினைமுற்று: ஒரு புணர்ச்சியியல் ஆய்வு

முன்னுரை

சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் ஸ்பானிய மொழியைக் கற்கப் புகுவோரை முதலில் மலைக்க வைப்பது வினைத்திரிபு. காலம், இடம், எண், பாங்கு ஆகியவற்றுக்கேற்ப ஒரே வினை நாற்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களைக் கொள்கிறது. பாடநூல்கள் இவற்றைக் கட்டம் கட்டிய அட்டவணைகளாகத் தருகின்றன. மாணவர் உருப்போடுகிறார், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார். எதிர்கால வடிவங்களும் இப்படித்தான் கற்பிக்கப்படுகின்றன. ஆறு விகுதிகள், பன்னிரண்டு விதிவிலக்குகள் என்ற பட்டியலுக்கு மேல் பெரும்பாலும் விளக்கம் கிடைப்பதில்லை.

ஸ்பானிய எதிர்கால வினைமுற்று, இரண்டு சொற்கள் புணர்ந்து ஒன்றான புணர்மொழி. அதன் ஒழுங்கான வடிவங்களும் விதிவிலக்குகள் எனப்படும் வடிவங்களும் அந்தப் புணர்ச்சியின் விளைவுகளே. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களைப் பள்ளியிலேயே படித்த தமிழ் மாணவருக்கு இந்தப் பார்வை எளிதில் கைவரும்.

ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு குறிப்பு. ஸ்பானிய மொழியில் சொல்லின் ஓர் அசையில் அழுத்தம் விழும். அழுத்தம் இடம் மாறினால் பொருளும் மாறும். இங்கே அழுத்தம் பெறும் உயிரை நெடிலாகவும் ஏனையவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ஸ்பானிய எழுத்தில் ஹகரம் இருந்தாலும் அதற்கு ஒலி இல்லை. ஆகவே அதை விட்டுவிட்டேன். உருட்டி ஒலிக்கும் இரட்டை ரகரத்தை றகரத்தால் குறித்திருக்கிறேன். உச்சரிப்பு லத்தீன் அமெரிக்க வழக்கைச் சார்ந்தது.

1. வடிவ அமைப்பு

1.1 பகுதியும் விகுதியும்

ஸ்பானிய அகராதியில் வினைகள் தொழிற்பெயர் வடிவில் இடம்பெறும். அவை அர், எர், இர் என்ற மூன்று ஈறுகளுள் ஒன்றில் முடியும்: அமார் (நேசித்தல்), கொமேர் (உண்ணுதல்), விவீர் (வாழ்தல்). நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் இந்த ஈறுகளை நீக்கிவிட்டுத்தான் விகுதி சேர்க்க வேண்டும். விகுதிகளும் எல்லா வகுப்புகளுக்கும் ஒன்றாக இரா. எதிர்காலத்தில் அப்படி எதையும் நீக்க வேண்டியதில்லை. தொழிற்பெயர் முழுமையாக நின்று, அதன்மேல் விகுதி ஏறுகிறது. மூன்று வகுப்புகளுக்கும் ஒரே விகுதிகள்தாம்.

அமார் என்ற வினையின் ஆறு வடிவங்கள்:

தன்மை ஒருமை: அமரே (நேசிப்பேன்)
முன்னிலை ஒருமை: அமராஸ் (நேசிப்பாய்)
படர்க்கை ஒருமை: அமரா (நேசிப்பான், நேசிப்பாள், நேசிக்கும்)
தன்மைப் பன்மை: அமரேமொஸ் (நேசிப்போம்)
முன்னிலைப் பன்மை: அமரேயிஸ் (நேசிப்பீர்கள்)
படர்க்கைப் பன்மை: அமரான் (நேசிப்பார்கள்)

கொமேர், விவீர் ஆகியவையும் இதே முறையில் கொமெரே, கொமெராஸ் என்றும் விவிரே, விவிராஸ் என்றும் தொடரும். தமிழ் வினைமுற்று திணை, பால் காட்டும். ஸ்பானிய வினைமுற்று அவற்றைக் காட்டாது. மரியாதை முன்னிலையான ‘உஸ்தேத்’ படர்க்கை ஒருமை வடிவத்தைக் கொள்ளும் என்பதால், ‘அமரா’ என்ற ஒரே சொல் அவன், அவள், அது, நீங்கள் ஆகிய நான்கிற்கும் பொருந்தும். முன்னிலைப் பன்மையான அமரேயிஸ் பெரும்பாலும் ஸ்பெயினில்தான் பேச்சில் வாழ்கிறது. அமெரிக்க நாடுகளில் அதன் இடத்தில் அமரான் வழங்குகிறது.

1.2 விகுதிகளின் பிறப்பிடம்

ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஏயிஸ், ஆன் என்ற இந்த ஆறு விகுதிகளும் எங்கிருந்து வந்தன? ‘அபேர்’ என்ற துணைவினையின் நிகழ்கால வடிவங்களை அருகில் வைத்தால் விடை தெரியும். அவை: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், அபேயிஸ், ஆன். ஆறில் ஐந்து ஒலியளவில் அப்படியே பொருந்துகின்றன. எஞ்சிய அபேயிஸ் தன் முற்பகுதியை இழந்து ஏயிஸ் ஆகியிருக்கிறது. எனவே அமரே என்பது அமார் + ஏ. ரகர மெய்யின் மேல் ஏகாரம் ஏறி ‘ரே’ ஆகியிருக்கிறது. மெய்யீற்றின் மேல் உயிர் வந்து ஒன்றுவதைத் தமிழ்ப் புணர்ச்சியில் நாம் அன்றாடம் காண்கிறோம்.

1.3 அழுத்தமும் எழுத்துக்குறியும்

அமார் என்ற தொழிற்பெயரில் அழுத்தம் ஈற்றசையின் ஆகாரத்தில் இருக்கிறது. துணைவினை சேர்ந்ததும் அது விகுதிக்கு நகர்கிறது. மாகாரம் மகரமாகக் குறுகி அமரே ஆகிறது. ஒரு சொல்லுக்கு ஒரே முதன்மை அழுத்தம் என்ற நியதியால், இரண்டு சொற்கள் ஒன்றானதும் முதற்சொல் தன் அழுத்தத்தை இழந்துவிடுகிறது. பன்னிரண்டு வினைகளுள் பெரும்பாலானவை ஏன் உருமாறின என்ற கேள்விக்கு இந்த இழப்பே திறவுகோல்.

ஸ்பானிய எழுத்து விதிப்படி உயிரிலோ ன், ஸ் ஆகிய மெய்களிலோ முடியும் சொல்லுக்கு இயல்பான அழுத்தம் ஈற்றயலில் விழும். எதிர்கால வடிவங்கள் யாவும் இந்த ஒலிகளில்தான் முடிகின்றன. ஆனால் ஐந்து வடிவங்களில் அழுத்தம் ஈற்றசையில் விழுகிறது. ஆகவே உயிரின் மேல் சாய்கோடு இட வேண்டும். அமரேமொஸ் என்பதில் மட்டும் அழுத்தம் ஈற்றயலிலேயே இருப்பதால் குறி தேவையில்லை. இந்தக் குறியை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. ‘அமரா’ என்றால் ‘நேசிப்பான்’. குறி இல்லாவிட்டால் அதுவே ‘அமார’ ஆகி, ‘அவன் நேசித்திருந்தால்’ என்பது போன்ற நிபந்தனைத் தொடர்களில் வரும் வேறொரு வடிவமாகிவிடும்.

1.4 உயிர் திரியாமை

நிகழ்காலத்தில் பல வினைகளின் பகுதியில் உயிர் திரியும். பென்ஸார் (எண்ணுதல்) என்பது பியேன்ஸொ (எண்ணுகிறேன்) ஆகும். தொர்மீர் (உறங்குதல்) என்பது துவேர்மொ (உறங்குகிறேன்) ஆகும். எதிர்காலத்தில் இந்தத் திரிபு ஒன்றுகூட நிகழாது: பென்ஸரே, தொர்மிரே. லத்தீனில் குறிலாக இருந்த எகரமும் ஒகரமும் அழுத்தம் பெற்ற இடத்தில்தான் ஸ்பானிய மொழியில் ஈருயிராகப் பிளந்தன. எதிர்காலத்தில் அழுத்தம் எப்போதும் விகுதியில் இருப்பதால் பகுதி உயிர் பிளக்க வாய்ப்பே இல்லை. நிகழ்காலத்தில் முற்றிலும் உருமாறிவிடும் ஸேர் (இருத்தல்), ஈர் (போதல்) ஆகிய வினைகள்கூட எதிர்காலத்தில் ஸெரே, இரே என்று ஒழுங்காக நடக்கின்றன.

2. வரலாற்றுப் பின்னணி

2.1 லத்தீன் எதிர்காலத்தின் சிதைவு

ஸ்பானிய மொழியின் தாயான லத்தீனில் எதிர்காலத்துக்குத் தனி வடிவங்கள் இருந்தன. ‘அமாபோ’ என்றால் ‘நேசிப்பேன்’. ஆனால் அந்த அமைப்புக்குள்ளேயே பலவீனம் இருந்தது. அமாபித் என்றால் ‘நேசிப்பான்’. அமாவித் என்றால் ‘நேசித்தான்’. பேச்சு லத்தீனில் உயிர்களிடையே பகரமும் வகரமும் ஒலியில் நெருங்கியபோது வருங்காலமும் இறந்தகாலமும் ஒரே சொல்லாய்க் கேட்கத் தொடங்கின. வேறொரு வகுப்பில் லெகித் என்றால் ‘படிக்கிறான்’. லெகெத் என்றால் ‘படிப்பான்’. அழுத்தமில்லாத இகரமும் எகரமும் ஒன்று கலந்தபோது நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் இடையிலிருந்த எல்லையும் அழிந்தது. போதாக்குறைக்கு, எதிர்காலம் காட்டும் முறையும் வகுப்புக்கு வகுப்பு மாறுபட்டது. வேறுபாடு காட்ட முடியாத வடிவத்தை மக்கள் நாவு கைவிட்டது.

2.2 துணைவினையின் எழுச்சி

அந்த இடத்தை ஒரு சொற்றொடர் நிரப்பியது. ‘அமாரே ஹபெயோ’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘நேசித்தலை உடையேன்’. ‘நேசிக்க வேண்டியிருக்கிறது’ என்பது அதன் கருத்து. கடமையும் விதிப்பும் உணர்த்திய இத்தொடர், கிறித்தவ எழுத்தாளரான தெர்த்துல்லியன் காலத்து லத்தீனிலேயே வரவிருப்பதைக் குறிக்கப் பயன்பட்டது. தமிழிலும் இதையொத்த வளர்ச்சி உண்டு. ‘அமைச்சர் நாளை வர இருக்கிறார்’ என்னும் செய்தித்தாள் வழக்கில், செயவென் எச்சமும் நிகழ்காலத் துணைவினையும் சேர்ந்து எதிர்காலத்தை உணர்த்துகின்றன.

இத்தொடர் ஒரே சொல்லாக இறுகியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, ஃபிரெதேகார் என்ற பெயரால் வழங்கும் 7ஆம் நூற்றாண்டு வரலாற்றுக் குறிப்பேட்டில் இருக்கிறது. தாரா என்ற நகரின் பெயருக்குக் காரணம் சொல்லும் கதை அது. பாரசீக மன்னன் ‘தரமாட்டேன்’ என்கிறான். பேரரசர் ஜஸ்தீனியன் ‘தருவாய்’ என்கிறார். பேரரசரின் வாயில் வரும் சொல் ‘தராஸ்’. இன்று மாத்ரிதிலோ மெக்சிகோவிலோ ‘தருவாய்’ என்று சொல்ல விரும்புபவர் வழங்கும் சொல்லும் அதுவே. 842ஆம் ஆண்டின் ஸ்ட்ராஸ்பூர்க் உறுதிமொழிகளில், பிரெஞ்சு மொழியின் முன்னோடி வடிவத்திலும் இத்தகைய இறுகிய எதிர்காலம் காணப்படுகிறது.

2.3 பிரிந்தும் நின்ற காலம்

ஸ்பெயினில் இந்த இறுக்கம் உடனே முழுமை பெறவில்லை. இடைக்கால ஸ்பானிய மொழியில் வினைக்கும் துணைவினைக்கும் நடுவே மாற்றுப்பெயர் நுழைய முடிந்தது. இன்று ‘தெ தரே’ (உனக்குத் தருவேன்) என்று வரும் தொடர் அன்று ‘தார்-தெ ஏ’ என்று வந்தது. ‘தார்’ தருதல், ‘தெ’ உனக்கு, ‘ஏ’ துணைவினை. விகுதி என்று இன்று நாம் அழைக்கும் ஏகாரம் அன்று தனிச்சொல்லாக நின்றதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. ஸ்பானிய மொழியில் இவ்வழக்கு மறைந்துவிட்டது. அண்டை மொழியான போர்த்துகீசிய எழுத்து நடையில் ‘தார்-தெ-எய்’ என்று அது இன்னும் உயிரோடிருக்கிறது.

1492இல் சலமாங்காவில் வெளியான, காஸ்தீலிய மொழிக்கு அச்சேறிய முதல் இலக்கணத்தில் அந்தோனியோ தெ நெப்ரிஹா இந்த அமைப்பைக் கண்டுணர்ந்து எழுதியிருக்கிறார். தொழிற்பெயரையும் அபேர் வினையின் நிகழ்காலத்தையும் கூட்டியே எதிர்காலம் அமைகிறது என்பது அவர் கொள்கை. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இலக்கணி சொல்லிவிட்ட உண்மை, இன்றைய தொடக்கநிலை வகுப்பறைகளை இன்னும் எட்டாதது வருந்தத்தக்கது.

3. பன்னிரண்டு வினைகளும் மூன்று விகாரங்களும்

எதிர்காலத்தில் விகுதி ஒருபோதும் மாறாது. மாறுவது பகுதி மட்டுமே. அதுவும் பன்னிரண்டு அடிப்படை வினைகளில் மட்டுமே. அவை மூன்று தொகுதிகளாகப் பிரிகின்றன.

3.1 கெடுதல்

பொதேர் (இயலுதல்) – பொத்ரே
ஸபேர் (அறிதல்) – ஸப்ரே
கபேர் (இடங்கொள்ளுதல்) – கப்ரே
அபேர் (துணைவினை) – அப்ரே
கெரேர் (விரும்புதல்) – கெறே

இவ்வைந்திலும் ஈற்றிலுள்ள எகர உயிர் கெட்டிருக்கிறது. துணைவினை சேர்ந்ததும் அழுத்தம் விகுதிக்குப் போய்விட, அதற்கு முன்னிருந்த உயிர் வலுவிழந்து உதிர்ந்தது. கெரேர் வினையில் உயிர் உதிர்ந்தபின் இரண்டு ரகரங்கள் அடுத்தடுத்து நின்று உருட்டொலியாயின. இந்த உருட்டலைக் கவனமாக ஒலிக்க வேண்டும். கெரீய என்றால் ‘விரும்பினேன்’. கெறீய என்றால் ‘விரும்புவேன், வாய்த்தால்’. இடையே உள்ள வேறுபாடு ஒரு ரகரம் மட்டுமே.

3.2 தோன்றல்

பொனேர் (வைத்தல்) – பொந்த்ரே
தெனேர் (உடைத்தாதல்) – தெந்த்ரே
வெனீர் (வருதல்) – வெந்த்ரே
ஸலீர் (வெளியேறுதல்) – ஸல்த்ரே
வலேர் (மதிப்புறுதல்) – வல்த்ரே

இங்கும் முதலில் உயிர் கெட்டது. அதன் விளைவாக ன், ல் ஆகிய மெய்கள் ரகரத்தை நேரடியாகத் தொட்டன. ‘பொன்ரே’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். னகரத்துக்காக நாநுனி மேலண்ணத்தைத் தொட்டிருக்கும்போதே மூக்குவழி அடைபட்டு விடுகிறது. நாக்கு ரகரத்துக்கு நகரும் கணத்தில் ஒரு தகரம் தானாக வெடிக்கிறது. அதுதான் பொந்த்ரே என்பதிலுள்ள தகரம். வாயின் இயக்கமே ஈன்ற எழுத்து அது.

இந்த இக்கட்டைத் தீர்க்க இடைக்கால மொழி வேறு வழிகளையும் முயன்றது. ‘பொர்னே’ என்று மெய்கள் இடம் மாறின, தசை சதையானது போல. ‘பொறே’ என்று னகரம் ரகரமாகவே திரிந்தது. தோன்றல், இடமாற்றம், திரிதல் ஆகிய மூன்றும் சில காலம் ஒரே மொழியில் போட்டியிட்டன, தோன்றல் வென்றது.

3.3 அசை குறைதல்

தெஸீர் (சொல்லுதல்) – திரே
அஸேர் (செய்தல்) – அரே

இவ்விரண்டிலும் ஓர் உயிர் மட்டும் உதிரவில்லை. நடுமெய்யும் சேர்ந்து மறைந்தது. பேச்சில் மிகுதியாக வழங்கியதால் இவ்வினைகளுக்குக் குறுகிய தொழிற்பெயர் வடிவங்கள் முன்பே உருவாகியிருந்தன. அவற்றின் மேல் எதிர்காலம் கட்டப்பட்டது. சகோதர மொழியான இத்தாலியத்தில் இன்றும் ‘சொல்லுதல்’ தீரே என்றும் ‘செய்தல்’ ஃபாரே என்றுமே வழங்குகின்றன.

3.4 ஏன் இவை மட்டும்?

பன்னிரண்டில் ஒன்பது எர் வகுப்பைச் சேர்ந்தவை. மூன்று இர் வகுப்பைச் சேர்ந்தவை. அர் வகுப்பில் ஒன்றுகூட இல்லை. இது தற்செயலன்று. ஸ்பானிய மொழி வரலாற்றில், அழுத்தத்துக்கு முன் நிற்கும் எகரமும் இகரமும் எளிதில் உதிர்ந்தன; அகரம் உறுதியாக நின்றது. அதனால்தான் பிற காலங்களில் முறை தவறி நடக்கும் எஸ்தார், தார் போன்ற வினைகள்கூட எதிர்காலத்தில் எஸ்தரே, தரே என்று நேராக வருகின்றன.

அப்படியானால் கொமேர், விவீர் போன்ற வினைகளின் உயிர் ஏன் உதிரவில்லை? முன்பு உதிர்ந்துதான் இருந்தது. இடைக்கால நூல்களில் கொம்ப்ரே, விவ்ரே என்ற வடிவங்கள் உள்ளன. கொம்ப்ரே என்பதில் மகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையே இதழொலியான பகரம் தோன்றியதைக் கவனிக்க வேண்டும். பொந்த்ரே என்பதில் தகரம் தோன்றியதும் இதே விதியால்தான். பின்னர் மக்கள் தொழிற்பெயரை நோக்கி வடிவங்களைச் சீர்செய்து கொமெரே, விவிரே என்று மீட்டெடுத்தனர். அந்தச் சீர்மைக்கு வளையாமல் நின்றவை பெரும்பாலும் அன்றாடம் வாயில் புரளும் வினைகள். அடிக்கடி கேட்கும் வடிவம் நினைவில் ஊன்றிவிடுவதால் அதைத் திருத்த யாரும் முனைவதில்லை.

3.5 கூட்டு வினைகள்

முன்னொட்டுச் சேர்ந்த வினைகள் அடிப்படை வினையின் வழியே செல்லும். ஸுபொனேர் (ஊகித்தல்) ஸுபொந்த்ரே ஆகும். தெதெனேர் (நிறுத்துதல்) தெதெந்த்ரே ஆகும். அஸேர் வினையின் பழைய உருவத்தைத் தாங்கிய ஸதிஸ்ஃபஸேர் (நிறைவு செய்தல்) ஸதிஸ்ஃபரே ஆகும். தெஸீர் குடும்பத்தில் மட்டும் விலகல் உண்டு. பெந்தெஸீர் (ஆசீர்வதித்தல்), மல்தெஸீர் (சபித்தல்) ஆகியவை பெந்தெஸிரே, மல்தெஸிரே என ஒழுங்காகவே நடக்கும்.

4. பொருளும் வழக்கும்

4.1 வருங்காலம்

பேச்சில், குறிப்பாக அமெரிக்க நாடுகளில், வருங்காலத்தைச் சொல்ல மற்றொரு தொடரே மிகுதியாக வழங்குகிறது: ‘வோய் அ கொமேர்’. இது ‘சாப்பிடப் போகிறேன்’ என்னும் தமிழ்த் தொடருக்கு உறுப்புக்கு உறுப்பு இணையானது. எழுத்து நடையிலும் வாக்குறுதியிலும் அறிவிப்பிலும் புணர்மொழி வடிவம் தன் இடத்தைக் காத்துக்கொள்கிறது. நாள் குறித்த செயலுக்கு நிகழ்காலமே போதும்: ‘மன்யான ஸால்கொ’ என்றால் ‘நாளை கிளம்புகிறேன்’.

4.2 ஊகம்

எதிர்கால வடிவம் நிகழ்கால ஊகத்தையும் உணர்த்தும். ‘ஸெரான் லஸ் தியேஸ்’ என்றால் ‘மணி பத்து இருக்கும்’. ‘எஸ்தரா என் காஸ’ என்றால் ‘வீட்டில் இருப்பார்’. பலருக்கு இது தனியே கற்க வேண்டிய வியப்பான பயன்பாடு. தமிழருக்கோ இது சொந்த மொழியின் இயல்பு; நாமும் இதே சூழலில் எதிர்கால வினையைத்தான் ஆள்கிறோம்.

4.3 கட்டளை

முன்னிலையில் இவ்வடிவம் ஆணையாகவும் அமையும். ‘தெ கெதராஸ் அகீ’ என்று தாய் பிள்ளையிடம் சொன்னால், ‘நீ இங்கேதான் இருக்க வேண்டும்’ என்று பொருள். ஸ்பானிய விவிலியத்தில் பத்துக் கட்டளைகளின் விலக்குகள் எதிர்கால முன்னிலை ஒருமையிலேயே அமைந்துள்ளன. கடமைப் பொருளில் பிறந்த வடிவம் தன் பழைய பொருளை முற்றிலும் இழந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று.

4.4 தமிழர் கவனிக்க வேண்டிய இடங்கள்

தமிழ் எதிர்காலம் வழக்கத்தையும் உணர்த்தும்: ‘தினமும் காபி குடிப்பேன்’. ஸ்பானிய மொழியில் இங்கே நிகழ்காலமே வரும்: ‘தோமொ கஃபே தோதொஸ் லொஸ் தீயஸ்’. எதிர்காலத்தை இட்டால், இனிமேல் குடிக்கப்போவதாகப் பொருள்படும். ‘அப்போதெல்லாம் வருவார்’ என்பதுபோல் கடந்த கால வழக்கத்தைச் சொல்லவும் அங்கே எதிர்காலம் உதவாது. தொடர் இறந்தகாலம் வேண்டும்.

‘அவர் வரும்போது’ என்று வருங்காலத்தைச் சுட்டும் தொடரில் ‘குவாந்தொ வெந்த்ரா’ என்பது பிழை. ‘குவாந்தொ வேங்க’ என்று, நிகழாததைக் குறிக்கும் பாங்கில் சொல்ல வேண்டும். ‘அவர் வந்தால்’ என்ற நிபந்தனைக்கு ‘ஸி வியேனெ’ என்று நிகழ்காலமே பொருந்தும்.

5. ஒரே அடியில் பிறந்த பிற வடிவங்கள்

தொழிற்பெயரோடு அபேர் வினையின் நிகழ்காலம் சேர்ந்தால் எதிர்காலம். அதன் இறந்தகாலமான ‘அபீய’ சேர்ந்தால் நிபந்தனை வடிவம். அங்கும் ‘அப்’ உதிர்ந்து ‘ஈய’ மட்டும் நிற்கும்: அமரீய (நேசிப்பேன், வாய்த்தால்). பன்னிரண்டு வினைகளின் மாறிய பகுதிகள் இங்கும் மாறாமல் வரும்: பொந்த்ரீய, தெந்த்ரீய, திரீய. வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த அந்த்ரேஸ் பெய்யோ, 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் இதற்கு ‘இறந்தகாலத்துக்குப் பிந்தியது’ என்னும் பொருள்படும் பெயரிட்டார். ‘வருவதாகச் சொன்னான்’ என்பதில் வருகை சொன்ன நேரத்துக்கு எதிர்காலம். அத்தகைய இடத்துக்குரிய வடிவம் இது. அமைப்பை அறிந்தவர் இட்ட பெயர் அது. இனி, ‘அப்ரே அமாதொ’ (நேசித்திருப்பேன்) என்ற முற்றெதிர்காலமும் அபேர் வினையின் எதிர்காலத்தைக் கொண்டே அமைகிறது. ஆக, ஒரு துணைவினையை அறிந்தவர் மூன்று வினை வடிவங்களை அறிந்தவராகிறார்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படுபவை: விகுதிகள் ஆறும் அபேர் வினையின் நிகழ்கால வடிவங்களே. அழுத்தம் விகுதிக்கு நகர்வதால் பகுதி உயிர் திரிவதில்லை. அந்த நகர்வே எகர இகரங்களை உதிர்த்துப் பன்னிரண்டில் பத்து வினைகளை மாற்றியது. அகரம் உதிராததால் அர் வகுப்பு முழுதும் ஒழுங்காக நிற்கிறது. ஊகப் பொருளில் ஸ்பானியமும் தமிழும் ஒத்துச் செல்கின்றன. வழக்கப் பொருளில் பிரிகின்றன.

தமிழ் மாணவர்களுக்கு ஸ்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் அபேர் வினையின் நிகழ்காலத்தைச் சொல்லிக்கொடுங்கள். அடுத்துத் தொழிற்பெயரோடு அதைப் புணர்த்துக் காட்டுங்கள். மூன்றாவதாக உயிர் கெடுவதையும் தகரம் தோன்றுவதையும் மாணவரே வாய்விட்டுச் சொல்லிக் கண்டறியட்டும். அட்டவணையை இறுதியில் கொடுத்தால் போதும். அப்போது அது மனப்பாடத்துக்குரிய சுமையாக இராது, தாமே கண்டறிந்ததைச் சரிபார்க்கும் கருவியாக இருக்கும்.